கேஷ் என்பது நம் காசா?

என் தங்கையின் மகள் இவ்வருடத் தமிழ்த் தினப் போட்டிக்காக எழுதிய பேச்சை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். தமிழின் தொன்மை பற்றிய பேச்சு அது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய சொற்களை ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தி, "உலகம் முழுவதும் இன்று கேஷ், கேஷ் என்று ஓடுகிறதே, அந்தக் கேஷ் எங்கள் காசு அல்லவா?" என்று கேட்டு நிறுத்தினாள். கைதட்டலுக்காக விட்ட இடைவெளி அது என்று விளங்கியது. நான் கைதட்டவில்லை. முகம் வாடிப்போய், "ஏன் மாமா, அதில பிழை இருக்கா?" என்று கேட்டாள்.

அன்று அவளுக்கு ஒழுங்காக விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. அதன்பின் பல நாள் இதே சொல்லைச் சுற்றியே யோசித்துக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

இந்தச் சொல்லில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. 28 வருடங்கள் கொழும்பில் ஒரு வங்கியில் பணி செய்தேன். அதில் பெரும்பகுதி காசு வாங்கும் கருமபீடத்தில் கழிந்தது. என் தலைக்கு மேலே கண்ணாடியில் மூன்று மொழிகளில் ஒரு பலகை தொங்கியது. மேலே சிங்களத்தில் 'முதல் அயகெமி', நடுவில் தமிழில் 'காசாளர்', கீழே ஆங்கிலத்தில் 'கேஷியர்'. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வயதானவர்கள் சிலர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, "சிறாப்பர் ஐயா எங்கே?" என்று கேட்பார்கள். கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகங்களில் காசு கையாண்டவருக்கு வழங்கிய பழைய பெயர் அது. ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு நோட்டுகளை எண்ணிய அந்த வருடங்களில், காசாளர் என்பதும் கேஷியர் என்பதும் ஒரே சொல்லின் இரண்டு உடைகள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. பொருளும் அப்படித்தான் பொருந்துகிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது சந்தேகப்பட யாருக்குத்தான் தோன்றும்?

ஆனால் நம் கையில் காசு என்று பொருள்படும் ஆங்கிலக் கேஷ், தமிழிலிருந்து போனதல்ல. அதன் வேர் இலத்தீன் மொழியின் 'கப்சா' என்னும் சொல். கப்சா என்றால் பெட்டி. பிடி, உள்ளடக்கு என்னும் பொருள் தரும் ஒரு வினையடியிலிருந்து பிறந்த பெயர் அது. அந்தக் கப்சா இத்தாலியில் 'காசா' என்றும் பிரான்சில் 'கெஸ்' என்றும் ஒல்லாந்தில் 'கஸ்' என்றும் ஜேர்மனியில் 'கஸ்ஸ' என்றும் திரிந்தது. எல்லா இடத்திலும் அது வணிகன் பணம் வைக்கும் பெட்டியைக் குறித்தது. ஆங்கிலத்தில் இச்சொல் 1590களில் எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்போதும் அதன் பொருள் பணப்பெட்டிதான். பெட்டிக்குள் இருக்கும் பணத்தைக் குறிக்கும் பொருள் அதையொட்டியே வளர்ந்தது.

இந்தக் காலக் கணக்கை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பட்டயம் கிடைத்தது 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். அவர்கள் சென்னைப்பட்டினத்தில் கால் ஊன்றியது 1639இல். தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் ஓர் ஆங்கிலேயன் காசு என்னும் சொல்லைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்னரே, அவன் நாட்டு வணிகர் தம் பணப்பெட்டியைக் கேஷ் என்று அழைத்துக்கொண்டிருந்தனர். அதுமட்டுமல்ல, நம்மிடமிருந்து போன சொல்லாக இருந்தால் அது முதலில் நாணயத்தைக் குறித்திருக்க வேண்டும். பெட்டியைக் குறித்திருக்க எந்த நியாயமும் இல்லை. ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடும்போது இன்றைய பொருளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது முதன்முதலில் எந்தப் பொருளில் வழங்கியது என்று பார்க்க வேண்டும். நிலத்தின் உறுதியைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக் காணி வாங்குவோமா?

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயராகும் என்று யாரும் திகைக்க வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் நாம் எல்லோரும் படித்த ஆகுபெயர் இதுதான். 'ஊர் சிரித்தது' என்றால் மண்ணும் மரமும் சிரிக்கவில்லை, ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். இடத்தின் பெயர் இடத்தில் உள்ளதற்கு ஆகி வந்ததால் இடவாகுபெயர். அடுப்பில் பால் பொங்கும்போது 'பாலை இறக்கு' என்று அம்மா சொன்னால், நாம் இறக்குவது பாத்திரத்தை. உள்ளே இருப்பதன் பெயர் அதைத் தாங்கும் கலத்துக்கு ஆகி வந்ததால் அது தானியாகுபெயர். ஆங்கிலக் கேஷ் முதல் வகையைச் சேர்ந்தது. பெட்டி என்ற பெயர் பெட்டிக்குள் உள்ளதற்கு ஆயிற்று, பின்னர் பெட்டியையே மறந்துவிட்டது. பெட்டியை அடியோடு துறந்தபின் இன்று, 'கேஷ்' என்றால் கடனும் இல்லை, காசோலையும் இல்லை, அட்டையும் இல்லை, கையில் எண்ணக்கூடிய பணம் என்று பொருள் சுருங்கி நிற்கிறது. கொழும்புக் கடைகளில் "கேஷா, கார்ட்டா?" என்று கேட்பது இந்தக் கடைசிப் பொருளில்.

அந்தப் பழைய இலத்தீன் பெட்டிக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. மருந்துக் கடையில் வாங்கும் கப்சூல், 'சிறு பெட்டி' என்னும் பொருளுடைய சொல். கண்ணாடியை வைக்கும் கேஸ் அதே பெட்டி. வாகனப் பதிவுப் புத்தகத்தில் இலக்கம் எழுதியிருக்கும் செசி, பெட்டி, சட்டகம் என்னும் பொருளில் பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரு காலத்தில் புறக்கோட்டையில் கூவிக் கூவி விற்ற பாட்டுக் கசெட்டும் பிரெஞ்சில் சிறு பெட்டிதான். கேஷியர் என்னும் பதவிப்பெயரும் இந்த வீட்டுப் பிள்ளையே. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷியர் உண்டு. படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதைக் குறிக்கும் வினைச்சொல் அது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் அது இந்தக் குடும்பம் அல்ல. வெறுமையானது, செல்லாதது என்னும் பொருள் தரும் வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து ஒல்லாந்தர் வழியாக வந்தது. ஒரே மொழிக்குள்ளேயே இப்படி ஒலி ஏமாற்றும் என்றால், இரண்டு மொழிகளுக்கிடையில் எவ்வளவு நிதானம் வேண்டும்!

இவ்வளவையும் அன்று மாலை அரைகுறையாகச் சொன்னபோது, மருமகள் அந்தப் பக்கத்தில் கோடு போட்டு வெட்டப் போனாள். வெட்டாதே என்று தடுத்தேன். ஏனென்றால் நம் காசும் ஆங்கிலத்துக்குள் போயிருக்கிறது. கேஷ் என்ற அதே எழுத்துக்கூட்டலோடு போயிருக்கிறது. நல்ல ஆங்கில அகராதியைத் திறந்தால் கேஷ் என்பதற்கு இரண்டு தனித் தலைச்சொற்கள் இருக்கும். முதலாவது நான் மேலே சொன்ன பெட்டி. இரண்டாவது, இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு மதிப்புள்ள நாணயம்; மூலம், தமிழ்க் காசு. யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த கீழைத்தேயச் சொல்லகராதியாகிய ஹொப்சன் ஜொப்சனிலும் இந்த இரண்டாவது கேஷ் தமிழிலிருந்தே காட்டப்படுகிறது.

அது போன வழிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் சொல் நேராக ஆங்கிலேயரிடம் போகவில்லை. இடையில் போர்த்துக்கேயர் இருந்தனர். அவர்கள் காசு என்று நம் மக்கள் சொல்வதைக் கேட்டனர். அவர்கள் மொழியில் ஏற்கெனவே 'கய்ஷ' என்று ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி, பணப்பெட்டி. அதன் தாய் அதே இலத்தீன் கப்சா. கேட்டது புதுச்சொல், காதில் இருந்தது பழைய சொல். எனவே தமிழ்க் காசைக் 'கய்ஷ' என்றே எழுதிவிட்டனர். ஆங்கிலேயர் பின்னர் வந்து அதைத் தமக்குப் பழகிய கேஷ் ஆக்கினர். தமிழ் நாணயம் இரண்டு முறை இலத்தீன் பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டது. இன்று நாம் கேட்டு மயங்கும் ஒற்றுமை பாதி தற்செயல். மீதிப் பாதி, அந்நியச் சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்கும் மனிதக் காதின் வேலை.

சென்னைப்பட்டினத்துக் கம்பனிக் கணக்குப் புத்தகங்களில் இந்த இரண்டாவது கேஷ் நெடுங்காலம் வாழ்ந்தது. அங்கே 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆங்கிலத்தில் வராகனைப் பகோடா என்றும், பணத்தை ஃபனம் என்றும், காசைக் கேஷ் என்றும் எழுதினர். அங்கே கணக்கு எழுதிய ஓர் ஆங்கில எழுத்தரை நினைத்துப் பாருங்கள். பெட்டியில் உள்ள மொத்த இருப்பும் அவருக்குக் கேஷ். அந்த இருப்பில் மிகச் சிறிய செப்பு நாணயமும் கேஷ். முன்னதன் வேர் உரோமாபுரியில், பின்னதன் வேர் தமிழில். ஒரே பேனா, ஒரே மை, ஒரே எழுத்துகள். நானும் கணக்கு எழுதியவன் என்பதால் அந்த மனிதரோடு எனக்கு ஒரு நெருக்கம் தோன்றுகிறது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டென்மார்க்குக்காரரும் தம் சிறு நாணயத்துக்குக் 'கஸ்' என்றே பெயர் வைத்திருந்தனர்.

இதைவிட வியப்பு, இந்தச் சொல் கிழக்கே போனது. 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தபின், சாவகம் முதலிய தீவுகளில் புழங்கிய சீனச் செப்புக் காசுகளையும் 'கய்ஷ' என்ற பெயராலேயே அழைத்தனர். நடுவில் சதுரத் துளை உள்ள, கயிற்றில் கோத்து வைக்கும் அந்தச் சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் பெயர் கேஷ்தான். சீனர் அதை ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை. அந்தத் துளைக்காசுகள் நம் நாட்டிலும் யாப்பகுவவில் குவியலாகக் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. யாப்பகுவ மலையடியில் மண்ணுக்குள் கிடந்த ஒரு சீன நாணயத்தை ஆங்கிலத்தில் விவரிக்கும் ஆய்வாளர் கேஷ் என்று எழுதும்போது, தம்மை அறியாமலே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதுகிறார். பேச்சில் கைதட்டல் வாங்க இந்த ஒரு செய்தி போதாதா?

ஒலி எப்படி ஏமாற்றும் என்று மருமகளுக்குக் காட்ட, வீட்டில் பழைய சில்லறை போட்டு வைத்திருந்த டின்னிலிருந்து ஒரு 25 சத நாணயத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அதன் மதிப்பு மூன்று மொழியிலும் எழுதப்பட்டிருக்கும். சிங்களத்தில் சத, தமிழில் சதம், ஆங்கிலத்தில் சென்ட்ஸ். 1872இல் இலங்கை ரூபாயை நூறாகப் பகுத்தபோது வந்த பெயர்கள் இவை. சதம் என்பது வடமொழியில் நூறு. சென்ட் என்பது இலத்தீனின் நூறு, 'கெந்தும்'. இவை இரண்டும் ஒலியில் எவ்வளவு தொலைவு! ஆனால் இவை உண்மையான உடன்பிறப்புகள். ஒரே தொல்மொழிச் சொல், ஒரு கிளையில் முதல் மெய் ககரமாகவே நின்று கெந்தும் ஆயிற்று. இன்னொரு கிளையில் அந்தக் ககரம் சகரமாகி 'சதம்' ஆயிற்று. இந்தோ ஐரோப்பிய மொழிகளை மொழியியலாளர் இந்த நூறு என்னும் சொல்லை வைத்தே இரண்டு அணியாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கின்றனர். ககரம் எங்கெல்லாம் சகரமாயிற்று என்பதை நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்காகக் காட்ட முடிவதால் அந்த உறவு உறுதியாகிறது. காசுக்கும் கேஷுக்கும் அப்படி ஓர் ஒழுங்கைக் காட்ட முடியாது. ஒரு சொல் தற்செயலாக ஒத்துப்போகலாம். ஒரு நூறு சொற்கள் ஒரே முறையில் தற்செயலாக மாறுவதில்லை. வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசியதும், தமிழும் அதன் இனமொழிகளும் வேறொரு தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் நிறுவியதும் இத்தகைய ஒழுங்குகளைக் கொண்டே. தமிழ் தனித்து நிற்கும் மொழி என்று நாம் இன்று பெருமையோடு சொல்வதற்குக் காரணமே இந்த முறைதான். அதே முறை காசு வேறு, கேஷ் வேறு என்று சொல்லும்போது மட்டும் அதை நாம் தள்ளிவிட முடியாது.

கைத்தொலைபேசியில் அடிக்கடி சுற்றிவரும் இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். போர்த்துக்கேயன் ஒருவன் சந்தையில் விலை கேட்டானாம், விற்றவள் 'காசுக்கு எட்டு' என்றாளாம், அதிலிருந்து முந்திரிப் பருப்புக்குக் கெஷுநட் என்ற ஆங்கிலப் பெயர் வந்ததாம். படிக்கும்போது இனிக்கிறது, ஆனால் உண்மை இல்லை. அந்த மரமே பிரேசில் நாட்டு மரம். அங்குள்ள தூப்பி மொழி மக்கள் 'அக்கஜு' என்றனர்; போர்த்துக்கேயர் 'கஜு' என்றனர்; மரத்தோடு பெயரையும் கடல் கடந்து கொண்டு வந்தனர். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது கடினமாக இருக்கவே கூடாது. நாம் இன்றும் கஜு என்றுதானே சொல்கிறோம்? கண்டி வீதியில் கஜுகமவில் வாகனத்தை நிறுத்தி வாங்கும் அந்தக் கஜுவே போதிய சாட்சி.

இனி நம் காசின் சொந்தக் கதை. அதன் வேரை வடமொழியின் 'கர்ஷ' என்னும் எடையின் பெயரோடு இணைத்துப் பேசும் ஆங்கில அகராதிகள் பல உண்டு. அப்படியே இருந்தாலும் எனக்குக் குறையில்லை. இரண்டாயிரம் வருடம் ஒரு மொழியில் வாழ்ந்து, அதன் செய்யுளிலும் கோயிலிலும் அடுப்பங்கரையிலும் இடம் பிடித்துவிட்ட சொல் அந்த மொழியின் சொல்லேதான். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் காசு, கடைத்தெருவில் கொடுத்து வாங்கும் காசு அல்ல. பொன்னால் செய்து நூலில் கோக்கும் அணிகலக் காசு. வேப்பம்பழத்தை வளைந்த வாயில் கவ்விய கிளியைப் பார்த்து, புது நூல் கோப்பதற்காகக் கூரிய நகங்களுக்கிடையில் பொற்காசு ஒன்றைப் பிடித்திருக்கும் பொற்கொல்லனை அவர் நினைக்கிறார். பழுத்த வேம்பின் மஞ்சள் பொன்னாகவும், கிளியின் அலகு நகமாகவும் ஆகிவிடுகின்றன. கயிற்றில் கோத்த பொற்காசின் பெயர், ஆயிரம் வருடங்களுக்கு மேல் கழிந்தபின் கயிற்றில் கோத்த சீனச் செப்புக் காசுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

காசுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் 'காசறு விரையே' என்று புகழ்வது, குற்றமற்ற நறுமணமே என்றுதான். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நாம் மனனம் செய்த வாய்பாட்டிலும் அது இருக்கிறது. திருக்குறளில் எத்தனையோ குறட்பாக்கள் காசு என்னும் வாய்பாட்டில் முடிகின்றன.

ஆனால் வங்கிக்காரனாகிய என்னை அதிகம் கவர்ந்தவை வேறு இரண்டு இடங்கள். ஒன்று, திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் நிகழ்ச்சி. அடியாரின் பசி தீர்க்க இறைவன் நாள்தோறும் அப்பருக்கும் சம்பந்தருக்கும் ஒவ்வொரு காசு வைத்தார். அப்பரின் காசு முழு மதிப்புக்குச் சென்றது. சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர் வட்டம் கழித்தனர். அப்பர் உழவாரத்தால் உடலுழைப்புச் செய்தவர் என்பதால் இந்த வேறுபாடு என்பது புராணத்தின் விளக்கம். உடனே சம்பந்தர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். வாசி என்றால் நாணயத்தின் மாற்றுக் குறைவுக்காகக் கழிக்கும் வட்டம். ஏழாம் நூற்றாண்டிலேயே நாணய மாற்றுக் கழிவுக்குத் தனிச்சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. மற்றொன்று, தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டுகள். கோயிலுக்கு வைத்த முதலுக்கு, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்று அவை கணக்கு வைக்கின்றன. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. வைப்பு வட்டி வீதம் எழுதிய பலகையின் கீழே வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த எண் அந்நியமாகவே தெரியவில்லை. சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்றொரு நாணயப் பெயரும் வருகிறது. நம் தீவின் பெயரைத் தாங்கிய காசு, சோழ நாட்டுக் கணக்கிலும் ஏறியிருக்கிறது.

இந்தத் தீவில் காசுக்கு இன்றும் தனி மரியாதை உண்டு. தமிழ்நாட்டில் பணம் என்று சொல்லும் பல இடங்களில் நாம் காசு என்போம். கருமபீடத்தில் நின்று "காசு கட்ட வந்தனான்" என்பார் யாழ்ப்பாணத்தவர். "சல்லி போடணும்" என்பார் கொழும்புக்காரரும் மலையகத்தவரும். சல்லி என்பதைச் சிங்களவரும் அதே பொருளில் சொல்கின்றனர். சிங்களத்தில் நாணயம் 'காசி'. பணம் 'முதல்', அது நம் முதல் என்ற சொல்லேதான், முதலாளி அவர்களிடம் 'முதலாலி' ஆனது போல. அந்தப் பலகையை இப்போது மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். சிங்கள வரியின் முதற்சொல் தமிழிலிருந்து போனது. தமிழ் வரி காசிலிருந்து வந்தது. ஆங்கில வரி உரோமரின் பெட்டியிலிருந்து வந்தது. அந்தப் பலகையின் கீழே நான் காசை எடுத்து வைத்த இழுப்பறையை லாச்சி என்றோம். அது ஒல்லாந்தரின் சொல். யன்னலும் கதிரையும் போர்த்துக்கேயர் சொற்கள். யாருடைய சொல் எது என்று சண்டை பிடிக்காமல் இவை எல்லாம் ஒரே அறைக்குள் 28 வருடம் என்னோடு வேலை செய்தன.

கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. கொழும்பில் உள்ள பெற்றோர் பிள்ளைகளை அங்கே ஒருமுறையாவது கூட்டிப்போக வேண்டும். நாணயம் என்றால் வட்டமாகவே இருக்க வேண்டும் என்று எண்ணிய மருமகள், தூண்டில் போல வளைத்த வெள்ளிக் கம்பியும் இந்நாட்டில் பணமாகச் சென்றது என்பதை அங்கே கண்டாள்.

அங்கிருந்து நடந்தே செட்டியார் தெருவுக்குப் போனோம். தங்கையின் காசுமாலையில் நூல் அறுந்து நான்கு காசுகள் தனியாகக் கழன்றிருந்தன. எங்கள் அம்மா கட்டிக்கொண்டு வந்த மாலை அது. நகைக்கடைக்குப் பின்னால் ஒடுங்கிய மாடிப்படியேறி, பத்தர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அதைச் சிவப்புத் துணியில் பரப்பி, ஒவ்வொரு காசையும் புரட்டி, காது தேய்ந்ததை ஒதுக்கி வைத்தார். பிறகு புது நூலின் முனையை மெழுகில் இழுத்துக் கூராக்கிக்கொண்டு, முதல் காசைக் கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரல் நகத்துக்கும் இடையில் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தினார்.

மருமகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "மாமா, வேப்பம்பழம்" என்றாள்.